அரைப்பேர்க்காரர்களின் வெற்றி

தேயிலைத் தோட்டங்களின் பேச்சு வழக்கில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர். நிருவாகம் குறித்துவைத்த நிறைக்குக் கொழுந்து பறித்துத் தராசில் வைத்தால் செக்ரோலில் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி பொறுத்து, மாலைவரை மலையில் நின்றவள் அன்றைய கணக்கில் பாதி ஆளாகவே பதியப்படுவாள். தராசுக்கு நிறைதான் தெரியும். நின்ற நேரம் தெரியாது.

அணி விளையாட்டுகளிலும் இப்படியொரு தராசு இருக்கிறது. எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட், எத்தனை புள்ளி என்று அது நிறுக்கிறது. அந்த நிறையைக் கொடுப்பவனுக்கு முழுப்பேர். அவன் அதைக் கொடுப்பதற்கு வழி செய்துவிட்டு ஒதுங்கி நின்றவனுக்கு அரைப்பேர். வெற்றி பெற்ற அணிகளின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவர்கள், அரைப்பேர்க்காரர்கள் இல்லாமல் எந்தக் கிண்ணமும் எந்த நாட்டுக்கும் வந்து சேர்ந்ததில்லை என்பதைக் கண்டுகொள்வார்கள்.

இவ்வுண்மையை முதலில் கணக்காக எழுதி வைக்க முயன்றது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டம் என்று சொல்லலாம். 1995-96 பருவத்தில் சிக்காகோ புல்ஸ் அணி 82 ஆட்டங்களில் 72இல் வென்று, பின்னர் வாகையும் சூடியது. உலகம் நினைவில் வைத்திருக்கும் பெயர் மைக்கேல் ஜோர்டான். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.4 புள்ளிகள் எடுத்தவர் அவர். அதே அணியில் டெனிஸ் றொட்மன் எடுத்தது சராசரியாக 5.5 புள்ளிகள் மட்டுமே. ஆனால் கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை ஆட்டத்துக்கு 14.9 தடவை கைப்பற்றியவர் றொட்மன். அவ்வகையில் நாட்டிலேயே முதலிடம் அவருக்கு. பந்து மீண்டும் மீண்டும் தன் அணியின் கையில் சேர்ந்ததால்தான் ஜோர்டானுக்கு எறிவதற்கு அத்தனை பந்து கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். இரு அணிகளும் 86 என்ற சமநிலையில் நிற்க, முடிவதற்குச் சில விநாடிகளே இருந்தன. பந்து ஜோர்டானிடம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எதிரணியினர் இருவர் அவரைச் சூழ்ந்தனர். அவரோ பந்தை ஸ்டீவ் கெர் என்ற துணை ஆட்டக்காரரிடம் கொடுத்தார். காவல் இன்றி நின்ற கெர் எறிந்தார். ஆட்டமும் வாகையும் சிக்காகோவுக்கு. அந்த ஒரு கணத்துக்காகப் பருவம் முழுவதும் உரிய இடத்தில் போய் நிற்கப் பழகியிருந்த மனிதர் அவர்.

பின்னாளில் அங்குள்ள புள்ளிவிவரக்காரர்கள் வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினர். இன்னார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை விட்டுவிட்டு, இன்னார் களத்தில் நின்ற நிமிடங்களில் அணி எத்தனை புள்ளி முந்தியது அல்லது பிந்தியது என்று பார்த்தனர். இந்தக் கணக்கில் சில பெரிய பெயர்கள் சிறுத்துப்போயின. சில சிறிய பெயர்கள் பெருத்தன. ஷேன் பட்டியர் என்ற வீரரைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 2009இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. பட்டியரின் சொந்தக் கணக்கு மிகச் சாதாரணமானது. ஆனால் அவர் ஆடும்போது தோழர்கள் சிறப்பாக ஆடினார்கள். எதிரிகள் மோசமாக ஆடினார்கள். தராசை மாற்றியதும் உண்மை மாறவில்லை. முன்பே இருந்த உண்மை கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். சிக்காகோ அணி சாதனை படைத்த அதே 1996இல்தான், மார்ச் 17ஆம் நாள், லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த வெற்றியைச் சொல்லும்போது நம்மவர் நாவில் முதலில் வருவன அரவிந்த டி சில்வாவின் ஆட்டமிழக்காத 107, சனத் ஜயசூரியவின் அதிரடி, அர்ஜுன ரணதுங்கவின் தலைமை ஆகிய மூன்றுமே. மூன்றும் உண்மை, மூன்றும் போற்றத்தக்கவை. ஆனால் அந்த இறுதியாட்டத்தின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 242 என்ற இலக்கை நோக்கி ஆடத் தொடங்கிய இலங்கை 23 ஓட்டங்களுக்கே இரு ஆரம்ப வீரர்களையும் இழந்தது. அப்போது அரவிந்தவோடு சேர்ந்து நின்றவர் அசங்க குருசிங்க. 65 ஓட்டங்கள் எடுத்தார். இருவரும் சேர்த்தது 125. குருசிங்க ஆட்டமிழந்தபோது அணி கரையை நோக்கிப் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டது.

அத்தொடர் முழுவதிலும் ஜயசூரிய எடுத்தவை 221 ஓட்டங்கள். குருசிங்க எடுத்தவை 307. தொடரின் சிறந்த வீரர் விருது ஜயசூரியவுக்குப் போனது. பந்துவீச்சையும் களத்தடுப்பையும் சேர்த்துப் பார்த்தால் அது தவறான தீர்ப்பன்று. முதல் 15 ஓவர்களில் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றியவர் அவர். என்றாலும் அந்த மாற்றத்தைத் துணிந்து செய்ய அவருக்கும் களுவிதாரணவுக்கும் உரிமம் கொடுத்தது எது? தாம் வீழ்ந்தாலும் மூன்றாவதாக வரும் மனிதர் நிலத்தில் கால் ஊன்றி நிற்பார் என்ற நம்பிக்கை. அணைக்கட்டு உறுதியாக இருந்தால்தான் மதகைத் திறந்துவிடத் துணிவு வரும்.

ரொஷான் மஹாநாமவின் கதை இதனிலும் நுட்பமானது. அவர் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராகப் பல ஆண்டுகள் ஆடியவர். களுவிதாரணவை முன்னே அனுப்பும் திட்டம் வந்தபோது அவர் நடுவரிசைக்கு இறங்கினார். கொல்கத்தாவில் நடந்த அரையிறுதியில், 35 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள் விழுந்த நிலையில் வந்து, தசைப்பிடிப்பால் மேலும் நிற்க முடியாது களம் நீங்கும்வரை 58 ஓட்டங்கள் எடுத்தார். இறுதியாட்டத்தில் அவருக்குத் துடுப்பெடுக்கும் வாய்ப்பே வரவில்லை. அந்நாளின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஓர் எண்ணும் இல்லை. அரைப்பேர்கூட இல்லை. 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக ஜயசூரிய 340 ஓட்டங்கள் எடுத்ததை எல்லோரும் அறிவர். மறுமுனையில் 225 ஓட்டங்களோடு 576 ஓட்ட இணைப்பாட்டத்தைத் தாங்கியவர் யார் என்று கேட்டால் பலர் சிறிது யோசிப்பார்கள். அவரும் மஹாநாமதான்.

நான் இக்கட்டுரையில் முதன்மையாகச் சொல்ல விரும்புவது முத்தையா முரளிதரனைப் பற்றியது. தென்னிந்தியாவிலிருந்து 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன் அவர். கண்டியில் பிறந்து வளர்ந்தவராயினும் மலையகம் முழுவதும் அவரைத் தன் பிள்ளையாகவே கொண்டாடுகிறது. லாகூரில் ஆடிய பதினொருவரில் அவர் ஒருவரே தமிழர். அதற்கு மூன்று மாதங்களுக்கும் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்னர், 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ணில், நடுவர் டறல் ஹெயர் அவரது பந்துவீச்சை ஏழு தடவை முறையற்றது என்று அறிவித்திருந்தார். அந்த அவமானத்தின் சூடு ஆறுமுன்னரே அதே அவுஸ்திரேலியருக்கு எதிராக உலகக் கிண்ண இறுதியாட்டம். 23 வயது இளைஞர். கதை எழுதுபவனாக இருந்தால் அவருக்கு அன்று ஐந்து விக்கெட்டுகள் கொடுத்திருப்பான்.

நடந்தது அதுவன்று. முரளி 10 ஓவர்கள் வீசினார். 31 ஓட்டங்கள் கொடுத்தார். ஒரே ஒரு விக்கெட். அந்த ஒன்றும் விக்கெட் காப்பாளர் களுவிதாரண ஸ்டம்பை வீழ்த்தியதால் வந்தது; ஆட்டமிழந்தவர் ஷேன் வோர்ன். அன்று இலங்கையின் பந்துவீச்சாளர் அறுவரில் ஓவருக்கு மிகக் குறைவாக ஓட்டம் கொடுத்தவர் முரளி. ஒரு விக்கெட்டுக்கு 137 என்று செழித்து நின்ற அவுஸ்திரேலியா 50 ஓவர்கள் முடிவில் 241இல் அடங்கியது. மூன்று விக்கெட்டுகள் எடுத்த அரவிந்தவின் பெயர் தலைப்பில் வந்தது. ஒரு முனையில் ஓட்டம் அடைபட்டால் மறுமுனையில் அவசரம் பிறக்கும். அவசரத்தில் விக்கெட் விழும். இது பந்துவீச்சின் பழைய பாடம். அந்த அடைப்பு வேலையை அன்று செய்தவர்களில் முதல்வர், பின்னாளில் உலகிலேயே அதிக டெஸ்ட் விக்கெட்டுகளை எடுக்கப்போகிற மனிதர்.

ஆக, மலையகம் தந்த ஒரே உலக நட்சத்திரம், இலங்கையின் மிகப் பெரிய விளையாட்டு நாளில் ஒரு துணை ஆட்டக்காரராகவே நின்றார். அதை அவர் குறைவாக எண்ணியதாகத் தெரியவில்லை. 2010 ஜூலை 22ஆம் நாள் காலியில் அவர் 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது பக்கம் மாறியிருந்தது. அப்போது அவர் நாயகர், மற்றவர்கள் துணைவர்கள். அந்த 800ஆவது பந்தை முதல் ஸ்லிப்பில் பிடித்தவர் மஹேல ஜயவர்தன. முரளியின் பந்துவீச்சில் ஜயவர்தன பிடித்த பிடிகள் டெஸ்ட் போட்டிகளில் மட்டும் 77. அத்தனை பிடிகளும் ஸ்லிப்பில் குனிந்து, மணிக்கணக்காகக் கண் இமைக்காது காத்திருந்தவரின் கூலி. இன்னும் பின்னே போனால், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவனைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்ன பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ இருக்கிறார். எந்த ஆட்டப் பதிவேட்டிலும் அவருக்கு ஒரு வரி கிடையாது.

கூடைப்பந்தாட்டத்துக்கு மிக நெருங்கிய உறவான வலைப்பந்தாட்டம் இந்த உண்மையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அணியில் எழுவர். அவர்களில் இருவர் மட்டுமே வளையத்தில் பந்தைப் போடலாம். மற்ற ஐவருக்கும் கோல் போட விதியே இடம்தராது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. கையில் வந்தால் மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட தம் உயரத்தோடு வளையத்தின் கீழ் நின்றார். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசிய வாகை சூடியதையும், 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் மிக அதிக கோல்கள் போட்டவராக அவர் விளங்கியதையும் உலகத் தமிழர்கள் பெருமையோடு பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த உயரத்துக்குப் பந்தை ஏற்றிக் கொடுத்த கைகள் எவை? அவற்றிற் பெரும்பாலானவை சிங்களப் பெண்களின் கைகள். அந்தக் கைகளின் சொந்தக்காரிகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? தர்ஜினியின் புகழுக்கு இது குறைவன்று. அவரது புகழ் எதனால் இயன்றது என்பதற்கான விளக்கம்.

பத்திரிகைத் தொழிலிலும் இதே நிலைதான். கட்டுரையின் கீழே எழுதியவரின் பெயர் வரும். எழுத்துப் பிழை பார்த்த ஒப்புநோக்குநரின் பெயரை எந்த வாசகரும் அறியார். அவர் கண்ணயர்ந்த நாளில்தான் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது தெரியவரும். துணை ஆட்டக்காரரின் இலக்கணமும் இதுவே: அவர் செய்வது தெரியாது, செய்யாமல் விட்டால் தெரியும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். அதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 'பின்னே நின்று உழைப்பதும் பெருமைதான்' என்ற உபதேசத்தை மலையக மக்களிடம் யார் சொல்வது? இருநூறு ஆண்டுகளாக அவர்களுக்கு அதைத்தானே சொல்லி வந்தார்கள்? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூல் சொல்கிறது. காட்டை வெட்டிய கைகளின் பெயரை அது சொல்வதில்லை. நாட்டின் அந்நியச் செலாவணியைத் தூக்கி நிறுத்திய மக்களை 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அணியின் பெயர்ப்பட்டியலிலிருந்தே நீக்கியது. 1964இல் இரு நாடுகளின் தலைவர்கள் அமர்ந்து, 525,000 பேர் உங்களுக்கு, 300,000 பேர் எங்களுக்கு என்று பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. பிரசாவுரிமைச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். இத்தகைய வரலாறு உடையவர்களிடம் போய்த் துணைப்பங்கின் மகிமையைப் பாடுவது, வலிக்கிறவனுக்குத் தாலாட்டுப் பாடுவது போல ஆகாதா?

ஆகும். பங்கு எது, படிநிலை எது என்ற வேறுபாட்டை மறந்துவிட்டுப் பாடினால் நிச்சயமாக ஆகும்.

ஒரு தொழில்முறை அணியில் துணை ஆட்டக்காரர் ஒப்பந்தத்தோடு வருகிறார். அவரது வேலை இன்னதென்று சொல்லப்படுகிறது. அதற்கு ஊதியம் உண்டு. வென்றால் நாயகர் கழுத்தில் விழும் அதே பதக்கம் அவர் கழுத்திலும் விழும். இறுதியாட்டத்தில் துடுப்பைத் தொடாத மஹாநாமவும் உலகக் கிண்ண வீரரே. அரை வீரர் அல்லர். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தப் பங்கிலிருந்து அவர் வேறொன்றுக்குப் போகலாம். 1996இல் அடைப்பு வேலை செய்த முரளி 800 விக்கெட்டுகளுக்குப் போனார். அதே இறுதியாட்டத்தில் பந்து வீசிய குமார் தர்மசேன, 2015இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் நடுவராக நின்றார். சிக்காகோவின் துணை ஆட்டக்காரர் ஸ்டீவ் கெர், கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநராகி நான்கு வாகைகள் பெற்றுக்கொடுத்தார். பழைய சிக்காகோவின் 72 வெற்றிகளை 2016இல் 73 ஆக்கி முறியடித்ததும் அவரது அணிதான்.

லயத்தில் பிறந்தவளுக்குக் கிடைத்த பங்கு அப்படிப்பட்டதன்று. அதை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. தாயிடமிருந்து கூடையோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து வெளியேறும் வழிகள் நெடுங்காலம் அடைத்தே கிடந்தன. இதற்குத் துணைப்பங்கு என்று பெயரிடுவது பொய். ஆகவே நான் சொல்வது இதுதான்: துணைப்பங்கு மதிப்புக்குரியதாவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அது தெரிந்தெடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதற்கு முழுப்பேர் பதியப்பட வேண்டும். அதிலிருந்து மேலே செல்லப் பாதை இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது பங்கன்று, சுமை.

தேயிலைத் தொழிலே இதை நமக்குக் கற்பிக்கவல்லது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்தே இருக்காது. தராசை மட்டும் பார்ப்பவனுக்குக் கவ்வாத்து வெட்டியவன் நட்டம் செய்தவன். கான் வெட்டியவனும் புல் வெட்டியவனும் தராசின் பக்கமே வருவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாத மலை சில ஆண்டுகளில் காடாகிவிடும் என்பதைத் தோட்டத்துச் சிறுவனும் அறிவான்.

இந்த அறிவை நாம் விளையாட்டுத் திடலுக்கு ஏன் எடுத்துச் செல்வதில்லை? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் விளையாட்டைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது: அடுத்த முரளி எங்கே? அன்பினால் கேட்கப்படுவதாயினும் இது தீங்கான கேள்வி. மலைச்சரிவில் சமதரை கிடைப்பதே அரிது. தோட்டப் பாடசாலைகள் அரச கல்வி அமைப்புக்குள் வந்தது 1970களில்தான். இத்தனை தடைகளோடு பந்தைத் தொட வரும் பிள்ளையிடம், நீ 800 விக்கெட் எடுப்பவனா இல்லையா என்று முதல் நாளே தராசை நீட்டினால், இல்லை என்று தெரிந்த மறுநாள் அவன் திடலுக்கு வரமாட்டான். அவனோடு நல்ல களத்தடுப்பாளன் ஒருவன் போகிறான். நல்ல நடுவர் ஒருவர் போகிறார். அடுத்த தலைமுறைக்கு ஒரு சுனில் பெர்னாண்டோ கிடைக்காமல் போகிறார்.

பாடசாலை அணிகளின் பயிற்றுநர்கள், ஓட்டத்தையும் கோலையும் எழுதும் ஏட்டிலேயே தடுத்த ஓட்டங்களையும் கொடுத்த பந்துகளையும் எழுதட்டும். பரிசளிப்பு விழாவில் அதிக ஓட்டம் எடுத்தவனுக்குக் கொடுக்கும் கிண்ணத்தின் அளவிலேயே இன்னொன்று, அணியைத் தாங்கியவனுக்கும் கொடுக்கப்படட்டும். நடுவர், ஓட்டப்பதிவாளர், ஆடுகளப் பராமரிப்பாளர், உடற்பயிற்சி வல்லுநர் ஆகியவை எல்லாம் இன்று உலகெங்கும் ஊதியம் தரும் தொழில்கள். ஆட்டத்தை நேசித்தும் நாயகனாக முடியாத மலையகப் பிள்ளைக்கு இவை தேயிலை மலைக்கு அப்பால் செல்லும் கதவுகள். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் தம் ஊர்த் திடலுக்கு உதவ விரும்பும் அன்பர்கள், தம் பெயர் பொறித்த வெற்றிக் கிண்ணம் ஒன்றை அனுப்புவதற்குப் பதிலாக, ஒரு பயிற்றுநரின் ஐந்து ஆண்டுச் சம்பளத்தைச் சேர்ந்து கொடுப்பார்களானால் அதன் பயன் பெரிது. கிண்ணம் ஒருவனின் வீட்டுக்குப் போகும். பயிற்றுநர் ஒரு பாடசாலையின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பார்.

முரளி போன்றவர்கள் திட்டமிட்டு உருவாக்கப்படுவதில்லை; நூற்றாண்டுக்கு ஒருவர் வரலாம், வராமலும் போகலாம். நல்ல அணிகளைத் திட்டமிட்டு உருவாக்க முடியும். நட்சத்திரம் ஒன்று மீண்டும் மலையகத்தில் தோன்றினால், அவன் பந்தைப் பிடிக்க ஸ்லிப்பில் ஒருவன், மறுமுனையை அடைக்க ஒருவன், வீழ்ந்தால் தாங்க ஒருவன் என்று பத்துப்பேர் அவனுக்கு முன்பே வந்து நின்றிருக்க வேண்டும். அந்தப் பத்துப்பேரையும் இன்றே முழுப்பேரில் பதியத் தொடங்குவோம்.